பின்னால் வரும் காரில் ஓர் இருக்கை

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். ஹெலிகாப்டர் கேமரா சூரியகாந்தி வயல்களைக் காட்டும், பழைய கோட்டைகளைக் காட்டும், கலர் கலர் சட்டை போட்ட கூட்டம் வளைந்து நெளிந்து போவதைக் காட்டும். அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலேயே, கூரைமேல் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு நீளமாக ஒரு கார் வரிசையும் வரும். அந்தக் கார்களுக்குள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? கேட்டுவிட மாட்டோமா என்று ரசிகர்கள் ஏங்கிய விஷயம் அது. நெட்ஃபிளிக்ஸ் கதவைத் திறந்து, நம்மையும் உள்ளே உட்கார வைத்துவிட்டது!

தொடரின் பெயர் ‘டூர் டி பிரான்ஸ்: அன்செயின்ட்’. முதல் பருவம் 2023 ஜூனில் வந்தது. 8 பகுதிகள், 2022 பந்தயத்தின் கதை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடரை எடுத்த பாக்ஸ் டு பாக்ஸ் நிறுவனமும் இதன் தயாரிப்பில் இருக்கிறது. 8 அணிகள் இவர்களை உள்ளே விட்டன. பஸ்ஸில், ஹோட்டல் அறையில், மசாஜ் மேசை பக்கத்தில், எங்கும் கேமரா. ஆனால் உயிர் இருப்பது காரில்தான்.

ஓட்டுபவர் சாதாரண டிரைவர் இல்லை, அணியின் இயக்குநர். பெரும்பாலும் முன்னாள் வீரர். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ரேடியோ மைக்கில். கண் பாதி சாலையில், பாதி முன்னால் மாட்டியிருக்கும் குட்டித் திரையில். பின்சீட்டில் மெக்கானிக், யாருக்காவது பஞ்சர் என்றால் குதித்து ஓடத் தயாராக. அணிக்கு 8 வீரர்கள், மொத்தம் 21 நாள் பந்தயம், 3,300 கிலோமீட்டருக்கு மேல். அந்த எட்டுப் பேரில் பெரும்பாலானோர் தாங்கள் ஜெயிக்க வரவே இல்லை. தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்குவதும், காருக்கு வந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப மேலே ஏறுவதும்தான் அவர்கள் வேலை. இதையெல்லாம் ஆட்டுவிப்பது காதில் மாட்டிய கருவியில் ஒலிக்கும் அந்த ஒற்றைக் குரல்.

அந்தக் குரல் உடைந்துபோகும் நாள் ஒன்று உண்டு. ஐந்தாம் கட்டம், அரென்பெர்க்கில் முடியும் கல் பாவிய பாதை. சைக்கிள் எலும்பை உலுக்கும், புழுதி கண்ணை மறைக்கும். யும்போ-விஸ்மா அணியின் நம்பிக்கை ஜோனாஸ் விங்கேகாரின் சைக்கிள் திடீரென்று மக்கர் செய்கிறது. கார் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. சக வீரர் நாதன் வான் ஹூய்டாங்க் தன் சைக்கிளைக் கொடுக்கிறார். அவரோ நெட்டை, இவரோ குட்டை. பெடல் சரியாக எட்டாது! இறங்கு, வேறு சைக்கிள், அதுவும் வேண்டாம், இன்னொன்று... காருக்குள் இருப்பவர்களின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். அடுத்த சில நிமிஷத்திலேயே அணியின் மற்றொரு நட்சத்திரம் ப்ரிமோஷ் ரோக்லிச் விழுகிறார், தோள் மூட்டு கழன்றுவிடுகிறது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு, மறுபடி சைக்கிளில் ஏறினார் அவர்! முதலிடத்தின் மஞ்சள் சட்டையில் இருந்த சக வீரர் வௌட் வான் ஆர்ட் அன்றைக்குக் கூலியாள் மாதிரி உழைத்து விங்கேகாரை இழுத்துக்கொண்டு வந்ததால், முக்கிய எதிராளி போகாச்சாரிடம் விங்கேகார் இழந்தது வெறும் 13 நொடி. நேரலையில் இது குழப்பமாகத்தான் தெரிந்தது. காருக்குள்ளிருந்து பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது.

ஒரு வாரம் கழித்து ஆல்ப்ஸ் மலையில் வருகிறது பதிலடி. தோள் வலியோடு ரோக்லிச்சும் விங்கேகாரும் மாறி மாறித் தாக்க, ஒவ்வொரு தடவையும் போகாச்சார் தானே விரட்டிப் பிடிக்க வேண்டியதாகிறது. கடைசி ஏற்றம் கொல் டு கிரானோன், 2,413 மீட்டர் உயரம். அங்கே போகாச்சார் நொறுங்குகிறார். அன்று ஒரே நாளில் 2 நிமிடம் 51 நொடி பின்தங்கினார். ஒரு காலத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த டென்மார்க் பையன் விங்கேகார் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொள்கிறான். அதைக் கழற்றவே இல்லை.

முதல் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஃபாபியோ யாகோப்சன் 2020 ஆகஸ்டில் போலந்தில் முடிவுக் கோட்டருகே தடுப்பில் மோதி, கோமாவில் கிடந்தவர். பற்கள் போய், முகத்தையே திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அவர் 2022 டூரின் இரண்டாம் நாள் நிபோரில் ஜெயிக்கிறார். அந்த விபத்துக்காக 9 மாதம் தடை அனுபவித்த டிலன் ஃக்ரூனவேகன் மறுநாளே அடுத்த கட்டத்தை ஜெயிக்கிறார். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்.

குரூபாமா-எஃப்டிஜே அணியின் மார்க் மாடியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரிஸ்-ரூபே பந்தயத்தை இரண்டு முறை வென்ற இந்தப் பெரியவர், தன் பையன்கள் மலையேறும்போது காரே அதிர்கிற மாதிரி கத்துவார். அவரைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

ஒரே குறை, முதல் பருவத்தில் போகாச்சாரின் யுஏஇ அணி சேரவில்லை. அப்போதே இரண்டு முறை சாம்பியனாகியிருந்தவர் வெளியே நிற்கிறார், எதிராளிகளின் வாயில் மட்டும் வருகிறார். ஆனால் அதுவே அவரை இன்னும் பயங்கரமாகக் காட்டுகிறது. 2025இல் மூன்றாவது பருவத்தோடு தொடர் முடிந்துவிட்டதுதான் வருத்தம்.

பசி அடங்காதவர்கள் ஸ்பெயினின் மூவிஸ்டார் அணியைப் பற்றி 2020இல் வந்த ‘தி லீஸ்ட் எக்ஸ்பெக்டட் டே’ தொடர் பக்கம் போகலாம். இதில் பளபளப்பு குறைவு, உண்மை நிறைய. 2019 டூரில் இவர்களுக்கு மூன்று தலைவர்கள்: லாண்டா, கின்டானா, வால்வெர்தே. டூர்மாலே மலையில் மூவிஸ்டார்காரர்கள் முன்னால் போய் வேகத்தை ஏற்றிக்கொண்டே இருக்க, அந்த வேகம் தாங்காமல் கழன்று பின்னால் போனது அவர்களுடைய கின்டானாவேதான்! இத்தனைக்கும் பாரிஸில் சிறந்த அணிக்கான பரிசை வாங்கியவர்களும் அவர்களே.