வைல்ட்கேட் தோட்டாவும் நம்மூர் .315-உம்

இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆள் ரைபிள் வாங்கப் போனால், இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315-ஐத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். .315 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 8 மில்லிமீட்டர். அதாவது 1890-களில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படை வைத்திருந்த 8x50 மான்லிகர் தோட்டா. வியன்னா சிப்பாயின் தோட்டா எப்படி வங்காளத்துத் தொழிற்சாலைக்கு வந்தது?

காரணம் சட்டம்தான். ஆங்கிலேயப் படையின் தோட்டா .303, நம்ம சினிமாவில் வரும் அதே 'த்ரீ நாட் த்ரீ'. சிப்பாய் வைத்திருக்கும் தோட்டா பொதுமக்கள் கையில் புழங்கினால், முகாமில் திருடின தோட்டா வெளியே வெடிக்கும். அதனால் அந்த அளவு பொதுமக்களுக்குக் கூடாது என்றார்கள். வேட்டைக்காரருக்கோ அதே பலமுள்ள ஒன்று வேணும். அளவில் பக்கத்தில் இருந்தது மான்லிகர். பிஎஸ்ஏ கம்பெனி லீ ரைபிளையே அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. குழலின் பெயரளவு விட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். சுடப்படும் மிருகத்துக்கு அது தெரியவே தெரியாது, சட்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய துப்பாக்கிகளிலும் இதே கதைதான். யானை, காட்டெருமைக்கு .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற ரிக்பி கம்பெனித் தோட்டா 1898-இல் வந்து பேர் வாங்கியது. 1907-ஐ ஒட்டி அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவையே தடை செய்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கியும் .450 என்பதால், அதன் குண்டு கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவிவிடும் என்று பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை மட்டும் சுருக்கி .465 செய்தது. .470-உம் .475-உம் அப்படித்தான் சந்தையைப் பிடித்தன. யானைக்கு எது சரி என்ற கேள்வி இதில் இரண்டாம் பட்சம். கல்கத்தா சுங்கத்தில் எது தாண்டும் என்பதுதான் முதல் கேள்வி!

கூட்டின் கழுத்தைச் சுருக்குவது என்று சொன்னேன் இல்லையா, வைல்ட்கேட் என்பதன் அடிப்படையே அதுதான். கடையில் கிடைக்கும் ஒரு தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, தோள்பட்டையின் சரிவை மாற்றியோ, வேறு குண்டு பொருந்தும்படி தனி ஆள் ஒருவர் உருவாக்கும் தோட்டா. எந்தக் கம்பெனியும் அதை விற்காது, எந்தத் தர அமைப்பும் அதன் அளவை எழுதி வைத்திருக்காது. துப்பாக்கிக்காரரே கூடு வடிக்கணும், மருந்து நிறுக்கணும், குண்டு அழுத்தணும். லண்டன் கம்பெனிகள் செய்ததை வைல்ட்கேட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது கோட்டுசூட்டு போட்ட கம்பெனி வேலை. கைவேலை என்னவோ ஒன்றுதான்.

ஜிம் கார்பெட்டுக்கு சம்பாவத் ஆட்கொல்லியைச் சுட்டதற்காக 1907-இல் ஒரு .275 ரிக்பி பரிசாக வந்தது. அந்தத் தோட்டா வேறொன்றுமில்லை, ஜெர்மனியின் 7x57 மவுசர். அதே கூட்டை அமெரிக்காவில் நெட் ராபர்ட்ஸ் .25 அளவுக்குச் சுருக்கினார். வைல்ட்கேட்டாகச் சுற்றிவந்த அதை 1934-இல் ரெமிங்டன் .257 ராபர்ட்ஸ் என்று கடைக்குக் கொண்டுவந்தது. .25-06 கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் காத்திருந்து 1969-இல்தான் கடைத் தோட்டா ஆனது. காட்டுப்பூனை வீட்டுப்பூனையாகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக.

இதை நான் தோண்ட ஆரம்பித்ததே நியூசிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா பையன் கேட்டதால்தான். அங்கே 1904-இல் கொண்டுபோய் விட்ட இமயமலைத் தார் ஆடு, நம்ம நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம், பெருகி மலைச்செடிகளைத் தின்று தீர்க்கிறது. சுடச் சொல்லி அரசே ஊக்குவிக்கிறது. அவன் தனியாக ஒரு ரைபிள் செய்யக் கொடுத்திருந்தான். "அண்ணா, எந்த வைல்ட்கேட் எடுக்கலாம்?" என்றான்.

நான் முதலில் சொன்னது வேகக் கணக்கு. கூட்டின் கொள்ளளவு 4 சதவீதம் கூடினால் குண்டின் வேகம் சுமார் 1 சதவீதம்தான் கூடும், அழுத்தம் அதே அளவில் இருந்தால். இதற்கு மேல் யாராவது பெருமை பேசினால் அவர் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அச்சிட்ட மருந்து அட்டவணை இல்லாத தோட்டாவில் அது விளையாட்டில்லை. கையில் வெடிக்கும் விஷயம்.

இரண்டாவது, மலைமேல் தோட்டாப் பெட்டி தொலைந்தால் என்ன செய்வாய் என்பது. அக்லி என்ற துப்பாக்கிக் கொல்லர் செய்த 'இம்ப்ரூவ்டு' வகைகளின் புத்திசாலித்தனம் இங்கேதான் இருக்கிறது. அறையின் பக்கச் சுவரை நேராக்கி, தோளை 40 டிகிரிக்கு வெட்டுகிறார். ஆனால் கூடு அறையில் நிலைகொள்ளும் இடம் பழைய தோட்டாவுக்கும் பொருந்துகிறது. சாதாரண .280 ரெமிங்டனைப் போட்டுச் சுட்டால், கூடு அந்த வெடிப்பிலேயே ஊதிப் புது வடிவத்துக்கு வந்துவிடும். மாவு அச்சில் உப்புகிற மாதிரி. .280 அக்லி 2007-இல் தர அளவும் பெற்றுவிட்டது. அதனால் கண்டிப்பான அர்த்தத்தில் அது இப்போது வைல்ட்கேட் இல்லை. அதையே எடு என்றேன். அவனுக்கு முகம் வாடியிருக்கும், போனில் தெரியவில்லை.

மூன்றாவதை அவன் யோசித்திருக்கவே இல்லை. எந்தத் தோட்டா என்பதைக் குழலில் ஆழமாகப் பொறித்து வை. நீ செத்துப்போன பிறகு உன் பையன் அலமாரியில் இருந்து எடுத்து, பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு தோட்டாவைப் போடக் கூடாது.

இங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேணும். வேட்டையும் இப்போது இல்லை. ஆனால் ஆயுத விதிகளின் பழைய வாசகம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். .303, 7.62 அளவுகளையும், அந்தப் படைத்தோட்டாக்களை 'அறையில் ஏற்றிச் சுடக்கூடிய' வேறு எந்த அளவையும் அது தடுக்கிறது. குண்டின் விட்டத்தோடு நிற்காமல், படைத்தோட்டா அந்த அறைக்குள் போகுமா என்று கேட்கிறது. அதனால்தான் 7.62-இன் அதே விட்டமுள்ள குண்டைச் சுடும் .30-06 இங்கே அனுமதிக்கப்படுகிறது. எழுதினவருக்குத் துப்பாக்கி தெரிந்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்துப் பக்கம் தன் மருந்தைத் தானே அளந்து போடுகிறவர்கள் என்றால் வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் நரிக்குறவர்கள்தான். எத்தனை மருந்து, எத்தனை ரவை, நடுவில் எந்தத் திணிப்பு என்பதெல்லாம் அவர்களுக்குக் கைக்கணக்கு. நியூசிலாந்துத் தம்பி தராசு வைத்துச் செய்வதும் அதைத்தான். காட்டுப்பன்றி வேர்க்கடலையைத் தோண்டிப்போட்டாலும் விவசாயி சுட முடியாது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் பிடித்துக் காட்டில் விடணும், ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடவே கூடாது.