அந்தமான் நிக்கோபாரில் தீவுகள் எத்தனை?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் மொத்தம் எத்தனை என்று வினவினால், நேயர்களுள் பலர் 572 எனத் தயங்காமல் விடை கூறுவர். நெடுங்காலமாக நூல்களில் வழங்கிவரும் தொகை அது. அரசின் அண்மைக்கால ஏடுகளிலோ 836 என்று காண்கிறோம். இடையில் கடலடியிலிருந்து 264 தீவுகள் முளைத்துவிட்டனவா? இல்லை. பின்னைய தொகையில் சிறு திட்டுகளும், நீருக்குமேல் தலைநீட்டும் பாறைகளும் சேர்ந்துள்ளன. எண்ணப்பட்ட பொருள் வேறு; எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் 'தீவு' என்றே எழுதிவிடுகிறோம்.

தீவு என்பது யாது? இயற்கையாய் அமைந்து, நாற்புறமும் நீர் சூழ, கடல் ஏறி நிற்கும் பொழுதும் நீருக்கு மேலே தெரியும் நிலமே தீவு என்று 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை உரைக்கிறது. எவ்வளவு சிறிய நிலத்தையும் எண்ணுவதா என்பதை அது சொல்லவில்லை. ஜப்பானியர் அதற்கும் ஓர் எல்லை வகுத்தனர். கரையின் சுற்றளவு 100 மீட்டருக்குக் குறையலாகாது. 1987இல் அவர்கள் கண்ட தொகை 6,852. அதே அளவுகோலுடன், நுண்ணிய வரைபடங்களைக் கொண்டு எண்ணி 2023இல் வெளியிட்ட தொகை 14,125! நாடு வளரவில்லை, வரைபடம் தெளிந்தது. எனவே தொகையோடு விதியை மட்டுமன்றி, எந்த ஆண்டில் எதைக் கொண்டு எண்ணினோம் என்பதையும் எழுதவேண்டியிருக்கிறது.

மக்கள் வாழும் தீவுகளின் தொகையில் இம்முரண் விளையாட்டன்று. 38 என்று ஓர் ஏடும், 31 என்று மற்றோர் ஏடும் கூறுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப் பேரலையில் நிக்கோபாரின் டிரிங்கட் தீவு துண்டுபட்டது. அங்கு வாழ்ந்தோர் அண்டையிலுள்ள கமோர்ட்டாவில் குடியமர்த்தப்பட்டனர். ஒரே நாளில் இரு தொகைகளும் ஆட்டங்கண்டன. இனியொரு பேரலை வந்து, உணவும் மருந்தும் ஏற்றிய கப்பல் புறப்படுகையில், அந்த ஏழு தீவுகள் எவை என்பதே முதற் கேள்வியாகும். வெறும் எண் அதற்கு விடை தராது, பெயர்ப்பட்டியலே தரும்.

கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோரும் இவ்விடரை நன்கறிவர். முன்னுரையில் 12 கூறுகள் என்றிருக்கும். உள்ளே படத்தில் 11 இருக்கும். பட்டியலை எண்ணினால் 14 வரும். கூறுகளைச் சேர்த்தவர் பட்டியலைத் திருத்தினார். முன்னுரையை எவரும் தொடவில்லை. அத்துறையில் தேர்ந்தோர் கையாளும் முறை எளியது. பட்டியல் ஒன்றை மட்டும் ஓரிடத்தில் பேணி, தொகையை அதிலிருந்தே பெறுகின்றனர்; பிற இடங்களில் எண்ணைக் கையால் எழுதுவதில்லை.

பட்டியலிலும் ஒரு கண்ணி உண்டு. 2023 ஜனவரியில் பெயரற்ற 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கர விருதாளர்களின் பெயர்கள் சூட்டப்பெற்றன. தொகை மாறவில்லை, பட்டியல் மாறியது. 2018இல் ராஸ், நீல், ஹேவ்லாக் ஆகிய மூன்றும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஷஹீத் தீவு, ஸ்வராஜ் தீவு என்றாயின. பழம்பெயரை ஓர் எழுத்தரும் புதுப்பெயரை மற்றோர் எழுத்தரும் பதிந்துவிட்டால், கடலில் இல்லாத மூன்று தீவுகள் ஏட்டில் தோன்றிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரின் அருகிலும் பழம்பெயரையும், வரைபடத்தில் அதன் அகலாங்கு நெட்டாங்கையும் குறித்துவைத்தல் வேண்டும்.