உங்களுக்குத் தெரியுமா? லண்டன் புகைக்குள்ளே இவ்வளவு கதையா!

மழையால் நாடகம் நின்றிருக்கும். கரண்ட் போய் நின்றிருக்கும். புகையால் நின்றது தெரியுமா? 1952 டிசம்பர் 8, லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கு. ‘லா டிராவியாட்டா’ இசை நாடகம் நடக்கிறது. ஊரையே மூடியிருந்த நிலக்கரிப் புகைமூட்டம் அரங்குக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பார்வையாளர்களுக்கு இருமல் தாங்கவில்லை. முதல் அங்கத்தோடு காட்சி ரத்து! அந்த நாடகத்தின் நாயகி எதனால் சாகிறாள் தெரியுமா? காசநோயால்!

கண்டக்டர் வேலை டிக்கெட் கொடுப்பது மட்டும்தானா? அந்த வாரம் லண்டன் கண்டக்டர்கள் கையில் விளக்கோடு இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். கடைசியில் அதுவும் முடியவில்லை. பஸ் நின்றது, ஆம்புலன்ஸும் நின்றது. தடங்கலின்றி ஓடியது பூமிக்கு அடியில் போகும் ரயில்தான்!

ஹீத்ரோ விமான நிலையத்தில் 10 மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அல்ல. கிட்டத்தட்ட 48 மணி நேரம்! ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியிலோ இன்னும் மோசம். குனிந்து பார்த்தால் தன் காலே தனக்குத் தெரியவில்லையாம்!

இத்தனைக்கும் அந்தப் புகைமூட்டத்தின் உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? வெறும் 100 முதல் 200 மீட்டர்!

அடுத்தது என் அபிமானத் தகவல். அதே வாரம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஸ்மித்ஃபீல்டு கால்நடைக் கண்காட்சி. நாடெங்கும் இருந்து கொழுகொழுவென்று வளர்த்த பரிசு மாடுகள் வந்து இறங்கின. வந்த வேகத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தன. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரிந்தன. பத்துக்கும் மேல் பலி! சில மாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாக்கை விஸ்கியில் நனைத்து மாட்டின் மூக்கில் கட்டினார்கள். மாட்டுக்கு விஸ்கி முகமூடி!

இன்னொன்றும் கேளுங்கள். விழுந்தவை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் சாணி அள்ளிச் சுத்தமாக வைத்திருந்த செல்ல மாடுகளாம். கவனிப்பாரில்லாமல் சாணியிலும் மூத்திரத்திலும் நின்றவை தப்பித்துவிட்டனவாம். மூத்திரத்தில் இருந்து கிளம்பிய அம்மோனியா, புகையில் இருந்த அமிலத்தை முறித்துவிட்டது என்கிறார்கள். அழுக்கே மருந்து!

அதே ஸ்மித்ஃபீல்டு கண்காட்சியில் அதற்கு முன்பும் புகையால் மாடுகள் செத்திருக்கின்றன. எப்போது? 1873 டிசம்பரில். 79 வருடங்களுக்கு முன்!

ஒவ்வொரு நாளும் அந்தக் காற்றில் கலந்தது என்னென்ன? கரித்துகள் 1,000 டன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 140 டன். கந்தக டை ஆக்சைடு 370 டன். அந்தக் கந்தகம் பனித்துளியில் கரைந்து சல்ஃப்யூரிக் அமிலமானது. லண்டன்வாசிகள் மூச்சில் இழுத்தது காற்றையா, அமிலத்தையா!

ஐந்தே நாள்தான். டிசம்பர் 5 முதல் 9 வரை. சவப்பெட்டி தட்டுப்பாடு வந்தது. மலர்வளையத்துக்குப் பூ தட்டுப்பாடு வந்தது. லண்டனில் எத்தனையோ பேருக்கு ‘ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது’ என்று உறைத்ததே அப்போதுதான்! முதலில் சொன்ன பலி எண்ணிக்கை 4,000. அடுத்த மாதங்களில் தொடர்ந்த சாவுகளை அரசு இன்ஃபுளூயன்சா கணக்கில் எழுதிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள். வந்த விடை சுமார் 12,000!

விதி விளையாடுவதைப் பாருங்கள். லண்டனில் மின்சாரத்தில் ஓடிய டிராம்களுக்கு மூடுவிழா நடத்தி, டீசல் பஸ்களை இறக்கினார்கள். கடைசி டிராம் ஓடியது 1952 ஜூலையில். ஐந்தே மாதத்தில் புகை வந்து கழுத்தைப் பிடித்தது!

அதைவிடக் கொடுமை இது. போர்க்கடனை அடைக்க நல்ல நிலக்கரியெல்லாம் கப்பலேறியது. உள்ளூர் ஜனங்களுக்கு மிஞ்சியது ‘நட்டி ஸ்லாக்’ என்ற மலிவான தூள்கரி. அதற்கும் ரேஷன் இருந்தது. அந்த ரேஷனை என்றைக்கு நீக்கினார்கள் தெரியுமா? 1952 டிசம்பர் 1. புகை சூழ்வதற்கு நாலே நாள் முன்பு!

சரி, இந்தப் புகையை விரட்ட வழி சொன்ன குழுவின் தலைவர் யார்? சர் ஹியூ பீவர். விஞ்ஞானியா? மருத்துவரா? இல்லை. கின்னஸ் பீர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர்! அவருடைய குழு அறிக்கையை வைத்துத்தான் 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அது மட்டுமா? பறவை வேட்டைக்குப் போன இடத்தில் ‘ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைக்குரிய பறவை எது?’ என்று சண்டை பிடித்து, பதில் கிடைக்காமல் ஒரு புத்தகமே போட வைத்தார் அவர். அதுதான் கின்னஸ் சாதனைப் புத்தகம்! புகைச் சட்டத்துக்கும் சாதனைப் புத்தகத்துக்கும் மூலகாரணம் ஒரே ஆசாமி. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுங்கள், ஜெயிப்பீர்கள்!

லண்டனில் நிலக்கரி எரிக்க முதல் தடை எப்போது? 1956 என்றால் தப்பு. 1306-ல் மன்னர் முதலாம் எட்வர்டு போட்டது! யாரும் மதிக்கவில்லை என்பது தனிக்கதை.

1661-ல் ஜான் ஈவ்லின் என்பவர் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு யோசனை சொன்னார். சுண்ணாம்புக் காளவாய்களை ஊருக்கு வெளியே தள்ளுங்கள். ஊரைச் சுற்றி ரோஸ்மேரி, லாவெண்டர், மல்லிகை என்று வாசனைச் செடியாக நடுங்கள். புகைக்குப் பதில் பூ!

புகை பிடித்துப் போய் லண்டன் வந்தவரும் உண்டு. ஓவியர் கிளாட் மோனே! 1899 முதல் 1901 வரை பலமுறை வந்து சவாய் ஹோட்டலில் தங்கித் தேம்ஸை வரைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் வானம் சுத்தம். ‘ஐயோ, என் படம் போச்சே!’ என்று மனுஷனுக்குப் பதற்றம். கொஞ்ச நேரத்தில் வீடுகளில் அடுப்பு பற்றவைத்தார்கள், புகை வந்தது, நிம்மதி வந்தது. வரைந்த படங்கள் சுமார் 100!

பிரிட்டிஷ் பிரதமர் வீடு, டவுனிங் தெரு 10-ம் எண். சுவரின் நிறம் கறுப்பு. அசல் நிறம் என்ன? மஞ்சள்! கரிப்புகை படிந்து படிந்து கறுத்துப்போன செங்கல் அது. 1960-களின் தொடக்கத்தில் புதுப்பிக்கும்போது கழுவினால், உள்ளே மஞ்சள். ‘ஜனங்களுக்குக் கறுப்பாகப் பார்த்துத்தானே பழக்கம்’ என்று கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அழுக்குக்கு நகல் எடுத்த ஒரே பிரதமர் வீடு இதுவாகத்தான் இருக்கும்!

பழைய கதைதானே என்கிறீர்களா? லண்டன் பிரிக்ஸ்டன் சாலை. நைட்ரஜன் டை ஆக்சைடு அளவு வருடத்துக்கு 18 மணி நேரம் வரைதான் எல்லை தாண்டலாம் என்பது சட்டம். 2017-ல் அந்தச் சாலை முழு வருடக் கோட்டாவையும் தீர்க்க எடுத்துக்கொண்ட காலம் 5 நாள்!

தென்கிழக்கு லண்டனில், நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலை ஓரம் வசித்த ஆஸ்துமாக் குழந்தை ஒன்று 2013-ல் இறந்தது. வயது 9. இறப்புக்கு ஒரு காரணம் காற்று மாசு என்று 2020-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி ஒரு பதிவு அதுவே முதல் முறை.

இப்போது அதிகப் புகை கக்கும் பழைய கார் லண்டனுக்குள் வந்தால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுக்க இதுதான் சட்டம். ராத்திரி பகல் என்ற கணக்கில்லை, ஞாயிற்றுக்கிழமை என்ற சலுகையும் இல்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எந்த ஓட்டைக் காரும் இலவசமாக ஊர் சுற்றலாம். டிசம்பர் 25!