ஆசனத்தின் அடியிலுள்ள மஞ்சள் இணைப்பு

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கும் கார்களில் ஏதேனும் ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தால், ஓட்டுநர் ஆசனத்தின் வலப்புற விளிம்பில், ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உராய்கிற அந்த இடத்தில், ரெக்ஸின் கிழிந்து, உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். அந்தக் கிழிசலைச் சரிசெய்வது வீட்டிலேயே முடிகிற காரியந்தான். ஆனால் அதைச் செய்யப் புகுந்து, கிழிசலைவிடப் பெரிய கேட்டை விலைக்கு வாங்கிக்கொள்பவர்களை மேலும் மேலும் சந்திக்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரில் ஓட்டுநர் ஆசனம் குழிந்துபோயிற்று. விடுமுறைக்கு வந்த பேரன், கைபேசியில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, தரையோடு பிணைத்திருக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் தென்பட்ட மஞ்சள் நிற இணைப்பையும் பிடுங்கி, ஆசனத்தைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டான். பேட்டரியைக் கழற்றவில்லை, நடுவில் கண்ணாடியை இறக்குவதற்காகச் சாவியையும் திருப்பினான். புதிய ஸ்பாஞ்சு அழகாக அமைந்தது. ஆனால் அன்று எரியத் தொடங்கிய ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எட்டு மாதமாக அணையவில்லை. “வண்டி ஓடுதே, அது பாட்டுக்கு எரியட்டும்” என்றார் அந்தப் பெரியவர். அந்த விளக்கு எரிகிறது என்றால், மோதல் நேரும் கணத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப இடமில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மற்றொருவர் திருவானைக்காவலைச் சேர்ந்த ஓர் அம்மாள். குஷன் கடையில் 4,500 ரூபாய் கொடுத்து இரண்டு முன் ஆசனங்களுக்கும் ஸ்பாஞ்சும் உறையும் மாற்றினார். இரண்டே மாதத்தில் ஸ்பாஞ்சு அமுங்கி இரும்புச் சட்டம் உறுத்தத் தொடங்கியது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ரசீது எங்கே என்று கேட்டேன். “தெரிஞ்ச கடைதானே, பில் எதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எத்தனையோ நியாயமான வழக்குகளை வாசற்படியிலேயே தளர்த்திவிடுகிறது.

அம்பாசிடர் காலத்தில் ஆசனம் என்பது சுருள்வில்லும் தென்னை நாரும் ரெக்ஸினும் சேர்ந்த ஒரு மெத்தை. ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்த எவரும் அதைப் பிரித்துக் கட்டலாம். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காலத்து மனப்பான்மை மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. இன்றைய ஆசனம் ஒரு பாதுகாப்புச் சாதனம். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் சீட் பெல்ட் நினைவூட்டலும் கட்டாயமாக்கப்பட்டன. பெல்ட்டின் பூட்டுக்குள் ஒரு சுவிட்சும், பல கார்களில் பக்கத்து ஆசனத்தின் உறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் இடையில் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் மெல்லிய உணர்வுத் தகடும் இருக்கின்றன. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அது முதுகுப்புறத்தின் வெளி விளிம்பிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது விரியவேண்டும் என்பதற்காகவே அந்த இடத்துத் தையல் எளிதில் பிரியும் நூலால் போடப்பட்டிருக்கும். அதன்மேல் சாதாரண உறையைப் போர்த்துவதும், அழுத்தமான நைலான் நூலால் மறுபடி தைப்பதும், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் திறக்கவேண்டிய கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவதற்குச் சமானம்.

ஆகவே வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் காரோடு வந்த கையேட்டைத் திறந்து, தங்கள் ஆசனத்தில் ஏர்பேக், உணர்வுத் தகடு, மின்மோட்டார் ஆகியவற்றில் எவையெவை உள்ளன என்று பார்க்கவேண்டும். முதுகுப்புற விளிம்பில் ஏர்பேக் என்ற சிறு சீட்டு தைக்கப்பட்டிருந்தால், முதுகுப்புறத்தைத் தொடவே வேண்டாம். அது பணிமனைக்கு உரிய வேலை. அடிமெத்தை மட்டும் என்றால், சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். கையேட்டில் அது இல்லையென்றால் பத்து நிமிஷமாவது பொறுங்கள். பேட்டரியைக் கழற்றிய பின்னரும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறிது நேரம் மின்சக்தி தங்கியிருக்கும் என்பதே இதன் காரணம். அதன் பிறகுதான் ஆசனத்தின் அடியில் கை போகலாம். மஞ்சள் நிற இணைப்பு எதுவானாலும் அது ஏர்பேக்கையோ, பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியையோ சேர்ந்தது என்று கொள்க. அதில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கக்கூடாது. கம்பியை வெட்டி ஒட்டக்கூடாது. அது இணையாமல் கிடக்கும்போது சாவியைத் திருப்பவும் கூடாது.

ஸ்பாஞ்சு வாங்கும்போது தடிமனை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கடையில் ‘40 டென்சிட்டி’ என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ எடை என்று பொருள். இதற்குக் குறைந்த தலையணை ஸ்பாஞ்சு சில மாதங்களில் தட்டையாகிவிடும். பழைய ஸ்பாஞ்சை அளவுமாதிரியாக வைத்து, அதே உயரத்துக்கும் அதே சரிவுக்கும் வெட்டுவது மிக அவசியம். சுகமாக இருக்குமே என்று இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால், பெல்ட் இடுப்பெலும்பின்மேல் படியாமல் வயிற்றின்மேல் ஏறும். மெத்தையின் முன்விளிம்பு தளர்ந்திருந்தாலோ மோதலின்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். ஸ்பாஞ்சுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு முரட்டுத் துணியை இடுங்கள். உறையைப் பிடிக்கும் சிறு கம்பி வளையங்களைப் பழைய துளைகளிலேயே கோத்து முடுக்குங்கள். சட்டத்தில் விரிசல் கண்டால், வெல்டிங் வைத்துச் சமாளிக்காமல் சட்டத்தையே மாற்றவேண்டும். நான்கு போல்ட்டுகளையும் கையேட்டின் அளவுப்படி முறுக்கித் தருமாறு ஒரு மெக்கானிக்கிடம் கேட்பது நூறு ரூபாய்ச் செலவானாலும் வீண்செலவல்ல.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நெடுநாள் நிற்கும் கார்களின் ஆசன ஸ்பாஞ்சில் எலி கூடுகட்டுவது நம் தெருக்களில் சர்வ சாதாரணம். எலி ஸ்பாஞ்சோடு நின்றுவிடுவதில்லை. கம்பியின் மேலுறையையும் கடிக்கும். செப்புக்கம்பி வெளியே தெரிந்த நிலையில் அதன்மேல் புது ஸ்பாஞ்சை வைத்து மூடுவது, தீக்குச்சியின்மேல் பஞ்சை வைப்பதாகும். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு எரியும்போது கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த நச்சுப்புகை எழும். பூட்டிய காருக்குள் அந்தப் புகை அதிக அவகாசம் தராது. கார்களின் உட்புறப் பொருள்களில் தீ ஒரு நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்று ஐ.எஸ். 15061 என்னும் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. உறை வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 2004 ஜனவரி 23-ஆம் தேதி இதே ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றுப்பந்தலைப் பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இவ்வூர் மறந்திருக்க முடியாது. கம்பியும் எளிதில் பற்றும் பொருளும் அக்கம்பக்கத்தில் இருக்கும் எந்த இடத்திலும் அசிரத்தைக்கு இடமில்லை. கழித்த ஸ்பாஞ்சைப் போகி நெருப்பிலும் போடாதீர்கள். தனியே கட்டி மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

போக்குவரத்துச் சட்டத்தைப் பற்றியும் வீண் பயமும் வீண் தைரியமும் உலவுகின்றன. ஸ்பாஞ்சையும் உறையையும் மாற்றுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் ஓர் ஆசனத்தை எடுத்துவிடுவதோ, வேனில் கூடுதல் பெஞ்சு பொருத்துவதோ பதிவுச் சான்றிதழில் கண்ட இருக்கை எண்ணிக்கையை மாற்றுவதாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டி.என். 48 என்று தொடங்கும் வண்டிக்காரர்கள் ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் முன்கூட்டியே கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறவேண்டும். கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னது பின்னால் எந்தப் பயனும் தராது.

இனி ரசீது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: ஸ்பாஞ்சு வாங்கினாலும், உறை தைத்தாலும், கூலி மட்டும் கொடுத்தாலும், ரசீது வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள். அதில் கடையின் பெயரும் முகவரியும், தேதி, ஸ்பாஞ்சின் டென்சிட்டி, தடிமன், உறையின் வகை, வண்டி எண், உத்தரவாதக் காலம் ஆகியவை இருக்கவேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47)-ஆம் உட்பிரிவு, ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே குற்றத்தில் சேரும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதிவைத்திருப்பதைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். அந்த வாசகம் சட்டத்தை மாற்றிவிடாது.

குறை தெரிந்தவுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமுங்கிய ஸ்பாஞ்சை எறியாதீர்கள், அதுதான் உங்கள் முதல் சாட்சி. கடைக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் ஒரு கடிதம் எழுதி, குறை என்ன, பணம் திரும்ப வேண்டுமா அல்லது மாற்றித்தர வேண்டுமா என்பதைச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையீடு பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல சங்கதிகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராவிட்டால், திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது; சென்னைக் கடையிலோ இணைய வணிகத்திலோ வாங்கியிருந்தாலும் சென்னைக்கு அலையவேண்டியதில்லை. மனுவில் இரு தரப்புப் பெயர் முகவரி, நடந்தது தேதிவாரியாக, கோரும் பரிகாரம் ஆகியவற்றை எழுதி, ரசீது, படங்கள், கடிதத்தின் நகல், அஞ்சல் ஒப்புகை, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு இணைக்கவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஸ்பாஞ்சின் தரத்தில் தகராறு என்றால் ஆணையமே மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். இவையெல்லாம் இரண்டு வருஷத்துக்குள் நடக்கவேண்டும். அதற்குமேல் தாமதித்தால் தாமதத்துக்கே தனியாகக் காரணம் சொல்லி மன்றாட நேரும். ரசீது இல்லாதவர்கள் நம்பிக்கை இழக்கவேண்டாம். கைபேசி வழியே பணம் செலுத்திய பதிவும், கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தியும் ஓரளவு துணைநிற்கும். ஆனாலும் ரசீதுக்கு அவை ஈடாகா.

அதிகாரிகளிடமும் ஒரு வார்த்தை. பெல்ட் அணியாதவரிடம் 1,000 ரூபாய் வசூலிப்பதில் இருக்கும் சுறுசுறுப்பு, அந்தப் பெல்ட்டை ஏமாற்றும் பொருள் விற்கும் கடையை எட்டிப்பார்ப்பதில் ஏன் இல்லை? எச்சரிக்கை ஒலியை அடக்கும் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. டெல்லியில் முடிந்த காரியம் நம் ஊர்க் கடைத்தெருவில் ஏன் முடியவில்லை? பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் காரில், சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பார்க்க அரை நிமிஷம் போதுமே.

அவர்கள் பார்க்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்போது, சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால், ஆசனத்தின் அடியில் அந்த மஞ்சள் இணைப்பை யாராவது தொட்டார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். விசாரித்தபின் வண்டியை நேரே பணிமனைக்கு ஓட்டிச் செல்லுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது ரசீதை வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.