யப்பானியப் பல்கலைக்கழகங்களிற் பிறநாட்டு மாணவர்

யப்பானிய அரசாங்கம் பிறநாட்டு மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியது 1954ஆம் ஆண்டிலாகும். நூறாயிரம் மாணவரைத் தன் நாட்டிற்கு வரவழைப்பதென 1983இல் அவ்வரசாங்கம் திட்டமிட்டது. அத்தொகை 2003இல் நிறைவெய்தியது. 2008இல் மூன்று இலட்சம் என இலக்கு வகுக்கப்பட்டு, 2019இல் அதுவும் கைகூடிற்று. 2033ஆம் ஆண்டளவில் நான்கு இலட்சம் என்பது 2023இல் வகுத்த இலக்கு. பிள்ளைத்தொகை குறைந்துவரும் நாடொன்று இவ்வாறு கதவைத் திறந்துவைப்பதில் வியப்பில்லை. ஆயினும் அக்கதவினூடே புகும் முறை, ஆங்கில முறைக் கல்வியிற் பழகியோர்க்குச் சற்றுப் புதுமையானது. அதனை அறியாமையால் தகுதியுள்ள மாணவரும் ஓராண்டை வீணே இழந்துவிடுதல் உண்டு.

யப்பானிற் கல்வியாண்டு ஏப்ரில் மாதத்தில் ஆரம்பித்து மார்ச்சில் முடிவடைகின்றது. இலையுதிர் காலத்தில் மாணவரைச் சேர்க்கும் பகுதிகளும் உள. எனினும் ஏப்ரிலே பெருவழக்கு. முதற் பட்டத்திற்குச் செல்ல விரும்புவோர் பன்னிரண்டு ஆண்டுப் பாடசாலைக் கல்வியை முடித்திருத்தல் வேண்டும். யப்பானிய மொழியிற் கற்க விழைவோருட் பெரும்பாலோர் ‘யப்பானியக் கல்விப் பரீட்சை’ என்பதனை எழுதுவர். 2002ஆம் ஆண்டில் ஏற்பட்ட இப்பரீட்சை யூன், நவம்பர் ஆகிய மாதங்களில், ஆண்டிற்கு இருமுறை நடைபெறுவது; யப்பானுக்கு வெளியே கொழும்பு முதலிய நகரங்களிலும் நடத்தப்பட்டுள்ளது. கணிதம், விஞ்ஞானம், ‘யப்பானும் உலகமும்’ என்னும் பாடங்களின் வினாக்களை ஆங்கிலத்திலும் எழுதலாம். யப்பானிய மொழிப் பாடத்திற்கு மட்டும் அச்சலுகை இருத்தல் இயலாதன்றோ! பரீட்சைப் புள்ளிகளைப் பெற்ற பின்னர், விரும்பிய பல்கலைக்கழகம் தானே வைக்கும் தேர்வையும் நேர்முகப் பரீட்சையையும் கடத்தல் வேண்டும்.

மொழி ஒரு தடையாயின் வேறு வழியும் உண்டு. 2009ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமொன்றின்கீழ்ப் பதின்மூன்று பல்கலைக்கழகங்கள் தெரிவு செய்யப்பட்டு, முற்றும் ஆங்கிலத்திலேயே பட்டம் பெறத்தக்க பாடநெறிகள் பல அமைக்கப்பட்டன. பெப்பு நகரில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரித்சுமெய்க்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் மாணவருள் ஏறத்தாழச் சரிபாதியினர் பிறநாட்டினரே. விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலம் போதுமாயினும், வீட்டு வாடகைப் பத்திரமும் வைத்தியசாலைப் படிவமும் யப்பானிய மொழியிலேயே இருக்கும் என்பதனை இவ்வழியிற் செல்வோர் மறத்தலாகாது.

பட்டப்பின் படிப்பே நுட்பமான விடயம். யப்பானிலே, சிறப்பாக விஞ்ஞான, பொறியியற் பகுதிகளில், மாணவன் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவனாகின்றான். அங்கே அவனுக்கென ஒரு மேசை உண்டு. மூத்தோர் இளையோர் என்னும் முறை உண்டு. வாராந்தம் கூடி ஆராயும் வழக்கமும் உண்டு. ஆதலால், பேராசிரியர் ஒருவர் “இம்மாணவரை யான் ஏற்பேன்” என இசையாவிடின், எத்துணைச் சிறந்த சான்றிதழும் பயன்தராது போகலாம். இவ்விசைவினை யப்பானியர் ‘நைதாக்கு’ என்பர். விண்ணப்பம் உண்மையில் இங்கேயே தொடங்குகின்றது.

இவ்விசைவைப் பெறுதற்கு எழுதும் மடல் சுருக்கமாயிருத்தல் நன்று. எழுதுபவர் யார், எதனைக் கற்றார், எதனை ஆராய விழைகின்றார், அவ்வாராய்ச்சிக்கு ஏன் இந்தப் பேராசிரியர் என்பன தெளிவாதல் வேண்டும். பேராசிரியர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் இரண்டொன்றையேனும் படித்துப் பொருளறிந்து எழுதிய மடலுக்கும், பெயரை மட்டும் மாற்றி இருபது பேர்க்கு அனுப்பிய மடலுக்கும் உள்ள வேறுபாடு முதல் வரியிலேயே புலப்பட்டுவிடும். பின்னதற்கு மறுமொழி வாராமையைப் பேராசிரியரின் அசட்டை எனக் கொள்வது பொருந்தாது. சில பல்கலைக்கழகங்கள் பேராசிரியருக்கு நேரே எழுதுதலை விரும்பாது, தம் அலுவலகத்தின் வழியாகவே தொடர்புகொள்ளுமாறு பணிக்கும். எழுதுமுன் அவ்விதியை அறிந்துகொள்ளல் வேண்டும்.

இசைவு கிடைத்தோருட் பலர் முதலில் ‘கென்க்யூசெய்’, அதாவது ஆராய்ச்சி மாணவர், என்னும் நிலையிற் சேர்க்கப்படுவர். பெயரைக் கேட்டு மயங்குதல் கூடாது. இது பட்டத்திற்குரிய இடமன்று, வாயிற்படி மட்டுமே. ஆறு மாதமோ ஓராண்டோ ஆராய்ச்சிக் கூடத்திற் பழகி, மொழியையும் பயின்று, அதன்பின் முதுமாணி அல்லது கலாநிதி வகுப்பிற்கான நுழைவுத் தேர்வில் சித்தியெய்தினாலன்றிப் பட்டப்படிப்பு தொடங்காது. அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். தேர்வில் தவறினால் அப்பரிசில் நீடிக்கப்படுவதில்லை. வேலையை விட்டு, குடும்பத்தையும் பிரிந்து செல்பவர் இதனைப் புறப்படுமுன் அறிந்திருத்தல் அவசியம்.

அரசாங்கப் புலமைப்பரிசிலுக்கு இரு வழிகள் உள: ஒன்று யப்பானியத் தூதராலயத்தின் சிபாரிசு, மற்றையது பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. தூதராலய வழியில் விண்ணப்பம் பெரும்பாலும் ஏப்ரில், மே மாதங்களிற் கோரப்படும். பத்திரங்களைப் பரிசீலித்து, எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் வைப்பர். பட்டப்பின் படிப்பை நாடி இவற்றில் தேறியவர், சில வாரங்களுக்குள் பேராசிரியரின் இசைவுக் கடிதத்தைப் பெற்றுவிடல் வேண்டும். முன்னரே தொடர்புகொள்ளாதவர் அவ்வேளையிற் படும் அவதி சொல்லுந்தரமன்று. புறப்படுவதோ அடுத்த ஆண்டிலாகும். வயதெல்லை, ஆராய்ச்சி மாணவர்க்குப் பொதுவாக முப்பத்தைந்திற்குக் கீழ். முதற் பட்ட மாணவர்க்கு இருபத்தைந்திற்குக் கீழ். பின்னவர் முதலாண்டில் யப்பானிய மொழியையே பயில்வர்.

சொந்தச் செலவிற் செல்வோர் கணக்கைத் திருத்தமாகப் பார்த்தல் வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கென விதிக்கப்பட்ட அடிப்படைக் கட்டணம் ஆண்டொன்றுக்கு 535,800 யென்; அனுமதிக் கட்டணம் 282,000 யென். தோக்கியோப் பல்கலைக்கழகம் போன்றவை இதனினும் கூடுதலாக அறவிடுகின்றன. தனியார் நிறுவனங்களிற் செலவு பொதுவாக இன்னும் மிகும். படிக்கும்போதே உழைத்து யாவற்றையும் ஈடுசெய்யலாமெனத் தரகர் சிலர் கூறுவர். மாணவர், அனுமதி பெற்று, வாரத்திற்கு 28 மணி நேரமே வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு எட்டு மணி. மணிக்கு 1,100 யென் எனக் கொண்டாலும் நான்கு வாரத்திற்கு 123,200 யென்னே வரும். அதில் வாடகை, உணவு, காப்புறுதி ஆகியன போக எஞ்சுவது கட்டணத்திற்குப் போதுமா என்பதை, காணியை ஈடுவைக்க எண்ணும் தந்தை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நலம். மணிக்கணக்கை மீறி உழைத்தால், தங்குதற்குரிய அனுமதி புதுப்பிக்கப்படாது போகவுங்கூடும்.

பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டபின், வதிவுத் தகைமைச் சான்றிதழை அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகளிடம் பல்கலைக்கழகமே மாணவர் சார்பிற் பெற்று அனுப்புவது வழக்கம். வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களே பொதுவாக அது செல்லுபடியாகும். ஆதலால், கிடைத்தவுடன் தூதராலயத்தில் விசாவிற்கு விண்ணப்பித்து, அக்காலத்திற்குள் யப்பானை அடைந்துவிடல் வேண்டும். அங்கே குடியமர்ந்த பதினான்கு நாட்களுக்குள் அவ்வூர் நகரசபை அலுவலகத்திற் சென்று விலாசத்தைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.