இடியும் வியப்பும்

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அது உமிழ்ந்த சோடியம் ஆவி, அந்தி வானில் செம்மஞ்சள் முகிலாய்ப் பரந்தது. நகர மக்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றனர்.

அவர்தம் நிலையை ஆங்கிலத்தில் உரைக்க 'அஸ்டானிஷ்' என்னும் சொல் பொருந்தும். இது 'சர்ப்ரைஸ்' என்பதினும் வலியது. எதிர்பாராத விருந்தினர் வந்தால் பின்னதே போதும். சிறிது நேரம் பேச்சும் அசைவும் நின்றுவிடும் பெருவியப்புக்கே முன்னது உரியது. அவ்வலிமை அதன் பிறப்பிலேயே உள்ளது. இலத்தீனில் 'டொனாரே' என்றால் இடி இடித்தல். அவ்வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. அடிபட்டு உணர்விழத்தலைக் குறிக்கும் 'ஸ்டன்' என்பதும் இதன் உடன்பிறப்பே.

மாணவர்களே, இங்கே ஒரு பள்ளம் உண்டு. தமிழிலும் இடி விழும். ஆனால் துயரச் செய்தி கேட்டபோது மட்டுமே விழும். கரமனையில் பயிலும் மாணவி ஒருத்தி, அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கு, "நீங்கள் அனுப்பிய பட்டுப்பாவாடையைக் கண்டதும் என் தலையில் இடி விழுந்தது" என்று மடல் எழுதினால் என்னாகும்? ஆச்சி பதறிப்போவார். "வாயடைத்துப் போனேன்" என்று எழுதினால் மகிழ்வார்.

அவ்வாறாயின் 'அஸ்டானிஷ்' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? ஒன்றன்று, பல. பேரளவு கண்டு மலைக்கிறோம், பெருந்திறன் கண்டு பிரமிக்கிறோம், செய்வதறியாது திகைக்கிறோம், அச்சம் கலந்தால் திடுக்கிடுகிறோம். மலைத்தவனைத் திடுக்கிட்டான் என்றால் பொருளே மாறிவிடும். ஆகவே வியப்பு எதனால் எழுந்தது என்று முதலில் நோக்குதல் வேண்டும்.

தொல்காப்பியர் அதனை நோக்கியவர். மெய்ப்பாடுகள் எட்டனுள் வியப்பை 'மருட்கை' என்றார். மருளுதல் என்பது மயங்குதல். ஆங்கிலச் சொல்லில் இடி அதிர்ந்து உணர்வு மங்குவதைப் போல, இதிலும் அறிவு சற்றே மயங்குகிறது! புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்குக் காரணம் என்பது அவர் கருத்து. தும்பா ராக்கெட் புதுமை. 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது வெளிப்பட்ட பொற்குவியல் பெருமை. பெருமை என்பது இங்கே அளவின் மிகுதி. ஒன்று வேறொன்றாய்த் திரிதலே ஆக்கம்.

கரமனைத் தெருக்களில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். 'அந்தம் விட்டுப் போனேன்', 'ஞெட்டிப் போனேன்' என்று நீங்களும் பேசியிருப்பீர்கள். மலையாளத்தில் அவை நல்ல தொடர்களே. நெல்லையிலிருந்து வரும் மாமாவுக்கு 'அந்தம்' என்றால் அழகு அல்லது முடிவு, 'ஞெட்டி' விளங்காது. முன்னதற்குத் 'திகைத்துப் போனேன்' என்றும், பின்னதற்குத் 'திடுக்கிட்டேன்' என்றும் கூறுங்கள்.

பயிற்சி: கூட்டைக் கிழித்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சி, அரிசி மணியில் எழுதப்பட்ட பெயர், முதன்முதலாகக் கண்ட கடல் ஆகிய மூன்றும் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் எவ்வெவற்றில் அடங்கும்? ஒவ்வொன்றையும் உங்கள் ஆச்சிக்கு ஒரு தொடரில் எழுதுக.