அமைதி உறையும் சிறுகரைகள்

பிரான்சு நாட்டின் தென்கரையில், மார்செய் மாநகருக்கும் கசிஸ் என்னும் சிற்றூருக்கும் இடையே, வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகள் மத்தியதரைக் கடலுள் செங்குத்தாக இறங்குகின்றன. அப்பாறைகளின் நடுவே கடல் குறுகிய நாவினைப் போல உள்நுழைந்துள்ளது. இத்தகைய இடங்களை அப்பகுதி மக்கள் ‘கலாங்க்’ என்பர். அவற்றின் உட்கோடியில், பைன் மரங்கள் சூழ, கூழாங்கற்களோ மணலோ பரவிய சிறுகரைகள் உள்ளன. ஆன்வோ போன்ற கரைகளை மலைவழியே நடந்தோ கடல்வழியாகவோதான் அடைய இயலும். எளிதில் அணுக இயலாமையே நெடுங்காலம் அவற்றின் அமைதியைக் காத்தது.

பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்றைய கலாங்குகள் அன்று வறண்ட பள்ளத்தாக்குகளாக இருந்தன. பனி உருகியபோது கடல் உயர்ந்து அவற்றுள் புகுந்தது. இதற்குக் கோஸ்கே குகை சான்றாகும். 1985இல் ஆன்றி கோஸ்கே என்னும் நீர்மூழ்காளர் கண்டறிந்த இக்குகையின் வாயில், கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் உள்ளது. உள்ளே தொல்மாந்தர் தீட்டிய குதிரை ஓவியங்களும் கைத்தடங்களும் காணப்படுகின்றன. அவர்கள் நிலத்தின்மீது நடந்தே அதனுள் சென்றனர்.

இக்கடலடியில் பொசிடோனியா என்னும் கடற்புல் வளர்கிறது. இது பாசியன்று, பூத்துக் காய்க்கும் தாவரம். இங்கு வளரும் இனம் மத்தியதரைக் கடலுக்கே உரியது. இதன் உலர்ந்த இலைகள் கரையில் பழுப்புநிறக் குவியல்களாக ஒதுங்கும். புதிதாக வருவோர் அவற்றைக் குப்பை எனக் கருதக்கூடும். ஆயினும், குளிர்காலப் பேரலைகள் மணலை அள்ளிச் செல்லாமல் தடுப்பவை அக்குவியல்களே. அவற்றை அகற்றினால் கரையும் தேயும்.

காலப்போக்கில் கலாங்குகளின் அழகு உலகெங்கும் பரவியது. 2012இல் இப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. எனினும், சுஜித்தோன் என்னும் சிறுகரைக்குக் கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு 2500 பேர்வரை வந்தனர். அவர்களின் காலடிபட்டு மண் அரிந்தது, மரவேர்கள் வெளிப்பட்டன, இளங்கன்றுகள் முளைக்க இடமின்றிப் போயிற்று. எனவே, 2022 முதல் கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு 400 பேர் மட்டுமே முன்பதிவு செய்து செல்லலாம் என விதிக்கப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை. வருவாய் ஈட்டுவதன்று, மண்ணுக்கு ஓய்வளிப்பதே இதன் நோக்கம்.

முன்பு மலையும் தொலைவும் செய்த காவலை இன்று விதி செய்கிறது. அமைதியான கரையைத் தேடிச் செல்பவர், தம் வருகையாலேயே அவ்வமைதி குலையக்கூடும் என்பதை உணர்தல் வேண்டும். அவ்வுணர்வே அக்கரைகளுக்கு நிலையான அரணாகும்.